மோட்டாருக்குக் கட்டிய மணி

சண்டைக் காலத்தில் நானும் என் மதினியும் ஒரே மில்லில் வேலை பார்த்தோம். மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. கோச்சடையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. வைகையில் தண்ணீர் வந்தால் சோறு, வராவிட்டால் வயிற்றில் ஈரத்துணி. அண்ணன் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்துக் கப்பலேறிப் போனபோது மதினிக்கு வயிறு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிந்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளும் என்னோடு மில்லுக்கு வந்துவிட்டாள். வேறு என்ன செய்வாள்? பட்டாளத்தான் பெண்டாட்டி என்று யாரும் அவளைப் பூப்போட்டுக் கும்பிடவில்லை.

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். இருக்கட்டும். அந்த மில்லில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர்கள் என்ன சுகம் கண்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இதை நான் மெதுவாகவும் சொல்லப் போவதில்லை, மரியாதையாகவும் சொல்லப் போவதில்லை.

எங்கள் கூடத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். கதிர்க் குழலில் சுற்றியிருக்கிற நூலை ராட்டுச் சக்கரத்தில் ஓட்டிச் சிட்டமாக, அதாவது நூல்கட்டாக, ஆக்க வேண்டும். நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும். கேட்டால் ஒன்றுமில்லாத வேலைதான், ஆனால் உட்கார முடியாது, ஒதுங்கப் போக முடியாது, பக்கத்தில் இருப்பவளோடு பேசினால் அதட்டல். ராட்டுகளை எல்லாம் ஓட்டியது ஒரே ஒரு மோட்டார். கூடத்தின் மூலையில் கம்பிவலைக் கூண்டுக்குள் அது இருந்தது. சண்டைக்கு நூல் வேண்டும், நூல் வேண்டும் என்று மேலிருந்து பறந்தார்கள். ஓட்டிய ஓட்டத்தில் மோட்டார் கொதிக்கும். கூடத்தில் பறக்கிற பஞ்சுத் தூசியெல்லாம் போய் அதன்மேல் அப்பிக்கொண்டு அதற்கு மூச்சு முட்டும். ஒருநாள் கருகல் வாடை வந்து எல்லாரும் தலைதெறிக்க வெளியே ஓடினோம். அதற்குப் பிறகுதான் அந்த மணியை மாட்டினார்கள்.

பெரிய இஞ்சினியரே வந்து நின்று மாட்டினார். மோட்டாருக்கு நேர் மேலே, கூண்டின் கூரையில், எலுமிச்சம்பழம் அளவில் ஒரு பித்தளைக் குமிழ். அதிலிருந்து கம்பி ஓடிச் சுவரில் இருந்த மணிக்கும் பக்கத்தில் இருந்த பெரிய சுவிட்சுக்கும் போனது.

"பஞ்சு இருக்கிற இடம். இனிமேல் மோட்டார் சூடானால் இந்தக் குமிழுக்குத் தெரிந்துவிடும். மணி அடிக்கும், கரண்டும் தானாக நின்றுவிடும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை. மோட்டார் நன்றாக ஆறின பிறகு மேஸ்திரி சுவிட்சைத் தூக்கிவிட்டால் போதும்" என்றார்.

"அப்ப எங்களுக்குச் சூடானா எந்த மணி அடிக்கும்?" என்று நான் கேட்டுவிட்டேன்.

பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். இஞ்சினியர்கூடச் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் என்னை ஒன்றரை ஆள் வேலை பார்க்க வைத்தான்.

இந்த மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களைப் போல ஆற்றோரத்துச் சம்சாரிக் குடும்பத்துக்காரன்தான். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. வெள்ளிக்கிழமை தவறாமல் மோட்டாருக்குப் பொட்டு வைத்துப் பூச்சரம் போடுவான். ஆடி மாதம் அழகர்கோவிலுக்கு நடந்தே போய் வருவான். நாங்கள் எல்லாரும் அவனை "மேஸ்திரிண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். வாய் அண்ணே என்று கூப்பிடும், மனசு வேறு எதையோ சொல்லிக் கூப்பிடும். அவன் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கூட்டிக்கொடுக்கிறவன் மாதிரி குழைவாகத்தான் பேசுவான். பேசி முடிக்கும்போது யாராவது ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள்.

மில்லுக்குப் பின்னால் பிள்ளைக் கொட்டகை இருந்தது. கைப்பிள்ளைக்காரிகள் காலையில் பிள்ளைகளை அங்கே தூளியில் போட்டுவிட்டு வர வேண்டும். மத்தியானச் சங்கு ஊதினால்தான் போய்ப் பால் கொடுக்கலாம். நடுவில் நேரம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். சட்டம் எங்கள் கூடத்துக்குள் வரவில்லை. மேஸ்திரிதான் வந்தான்.

கொட்டகையில் ஓர் ஆயா இருந்தாள். பிள்ளைகள் அழுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்டால் தாய்மாருக்குக் கை ஓடாது, நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் சத்தம் கேட்கக் கூடாது என்று மேஸ்திரி ஆயாவிடம் சொல்லி வைத்திருந்தான். அத்தனை பிள்ளைகளை ஒருத்தி எப்படி அமர்த்துவாள்? நகக்கண்ணில் துளி அபினியை வைத்துக்கொண்டு, அழுகிற பிள்ளையின் நாக்கில் தடவிவிடுவாள். பிள்ளை சுருண்டு தூங்கிவிடும். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே போட்டுவிட்டு வந்தோம், வீட்டில் பார்த்துக்கொள்ள நாதி இல்லாதவர்கள் எல்லாரும்.

"வயிறு நெறஞ்ச பிள்ளை அழாது. அழாத பிள்ளைக்கு அவ தடவ மாட்டா. அம்புட்டுத்தேன் விசயம்" என்பாள் மதினி. மத்தியானம் ஒரு தடவை மட்டும் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்குக் காணாது. காலையில் இடையில் ஒரு தடவை போக முடிந்தால் அபினி நாக்கில் படாமல் காப்பாற்றிவிடலாம். அவளுக்கு இதே யோசனைதான். நூலுக்கு முடிச்சுப் போடும்போதும் இதே யோசனை. முன்னால் சேலை நனைந்து, அதன்மேல் பஞ்சு ஒட்டி, வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடக்கும்.

ஒருநாள் மேஸ்திரியிடம் போய்க் கேட்டாள். "மேஸ்திரிண்ணே, செத்த நேரம் விட்டீகன்னா ஓடிப் போயிட்டு வந்துருவேன்."

"பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டுப் பாலா தாயி? வளந்து அதுவும் இங்கதேன் ராட்டு ஓட்டப்போகுது. இப்பருந்தே பழகட்டும்" என்று குழைவாகச் சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனான்.

அந்தச் சமயத்தில்தான் இஞ்சினியரின் அந்த மணி வந்தது. சித்திரை வெயில் தொடங்கியிருந்த நேரம். ஒருநாள் முற்பகலில் கணகணவென்று மணி அடித்தது, சுவிட்சு தானாக விழுந்தது, ராட்டுகள் எல்லாம் சுழன்று ஓய்ந்து நின்றன. கூடம் அப்படி அமைதியாகி நான் பார்த்ததே இல்லை. காதுக்குள் ஙொய் என்றது. மோட்டார் ஆறுகிற வரை யாருக்கும் வேலை இல்லை. மேஸ்திரி ஓடிப்போய்க் கூண்டைத் திறந்து, விசிறியை எடுத்து மோட்டாருக்கு வீசினான். ஆமாம், விசிறிதான், பனையோலை விசிறி. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தவன் அப்படி வீசியிருப்பானா தெரியாது.

மதினி யாரையும் கேட்கவில்லை. சேலையை ஏறச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக ஒரே ஓட்டம். மோட்டார் ஆறுவதற்கும் பிள்ளைக்கு வயிறு நிறைவதற்கும் சரியாக இருந்தது. திரும்பி வந்தபோது முகம் பூத்துக் கிடந்தது.

வெயில் ஏற ஏற மணி அடிக்கடி அடித்தது. ஒரு சில நாட்களில் என்ன ஆயிற்று என்றால், மணிச்சத்தம் காதில் விழுந்த மாத்திரத்தில் மதினிக்குத் தானாகவே பால் பீறிட்டு வர ஆரம்பித்தது. கொட்டகைக்குப் போய்ச் சேருவதற்குள் சேலை தொப்பலாகிவிடும்.

"பிள்ளை அழுதா ஊறும்னு கேட்டிருக்கேன். ஒனக்கு என்ன மதினி, மோட்டார் அழுதா ஊறுது? ரெண்டும் ஒனக்குத்தேன் பெறந்துச்சா?" என்று நான் கேலி செய்வேன்.

"போடி நாறவாயி! ஒரு தாயி கண்ணுக்கு அந்த மோட்டாரும் பாவமாத்தேன் இருக்கு. அது மட்டும் கொதிக்கலேன்னா எம்பிள்ளை அபினியத் தின்னுல்ல கெடக்கும்" என்று சிரிப்பாள். அந்தக் குமிழைப் பார்த்து ஒருநாள் கையெடுத்துக்கூடக் கும்பிட்டாள், பைத்தியக்காரி.

ஆனால் எல்லா நாளும் மோட்டார் கொதிக்காதே. கோடை மழை ஒன்று பெய்து காற்று குளிர்ந்ததும் மணி அடிப்பது நின்றுவிட்டது. ஆயாவின் நகக்கண் மறுபடி வேலை செய்தது. பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணைத் திறக்காமல் கிடக்கும். மதினி அதன் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இங்கேதான் டீச் செம்பு வருகிறது. காலையில் ஒருவன் பெரிய பித்தளைப் பாத்திரத்தில் டீ கொண்டுவந்து கூடத்து வாசலில் விற்பான். கொதிக்கக் கொதிக்க இருக்கும். வாங்கியதும் நின்று குடிக்க விடமாட்டார்கள். அதனால் தூக்குச் செம்பில் வாங்கி, மோட்டார்க் கூண்டின் கதவு இடுக்கில் கையை விட்டு, உள்ளே ஒரு மரச்சட்டத்தில் இருந்த ஆணியில் மாட்டி வைப்போம். மோட்டார்ச் சூட்டில் டீ ஆறாமல் இருக்கும். கை ஒழிகிறபோது ஒரு வாய், ஒரு வாய் என்று போய்க் குடித்துவிட்டு வருவோம். மணி வருவதற்கு முன்னாலிருந்தே எங்கள் பழக்கம் அது. குமிழ் அந்த ஆணிக்கு நேர் மேலே இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. நான் ஒருநாள் அவசரத்தில் மூடி போடாமல் மாட்டிவிட்டு வந்தேன். ஆவி நேராகப் போய்க் குமிழில் பட்டது. மோட்டார் பாட்டுக்குக் குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருக்க, மணி அடித்துக் கரண்டு நின்றுவிட்டது.

மேஸ்திரி மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் புரியாமல் விபூதியை அள்ளி அதன்மேல் போட்டான். பழக்கதோஷத்தில் விசிறவும் செய்தான். நான் செம்பை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். மதினி என்னைப் பார்த்தாள். நான் மதினியைப் பார்த்தேன். அவள் அதற்குள் பாதித் தூரம் ஓடியிருந்தாள்.

அதற்குப் பிறகு மோட்டார் கொதிக்காத நாளில் செம்பு கொதித்தது. கூடத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் கொஞ்சம் கால் நீட்டி உட்காரக் கிடைத்தது அல்லவா? கோபக்காரிகள், சண்டைக்காரிகள், முந்தின நாள் குழாயடியில் மயிரைப் பிடித்துக்கொண்டவர்கள், எல்லாரும் இந்த ஒரு விசயத்தில் ஒன்றாக இருந்தோம். மதினியின் பிள்ளை அந்த நாட்களில்தான் தேறியது. கன்னம் வைத்தது. முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது.

எவ்வளவு நாளைக்கு ஓடும் அது? ஒருநாள் மணி அடித்தபோது மேஸ்திரி கூண்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மோட்டார்மேல் கையை வைத்தான். குமிழைத் தொட்டான். குமிழ் ஈரமாக இருந்தது. கீழே பார்த்தான். செம்பு ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று டீயை முழுக்கக் குடித்தான். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"மோட்டாரு குளுந்து கெடக்கு, மணிக்கு மட்டும் எப்பிடித்தா வேக்காடு? யாரு செம்பு இது?"

என் செம்புதான். நான் வாயெடுப்பதற்குள் பின்வாசலில் இருந்து மதினி திரும்பி வந்து, "நாந்தேன்" என்றாள். "எம்பிள்ளைக்குப் பால் குடுக்கணும். நீங்க விடல. அதான்."

அடித்திருந்தால்கூடத் தேவலை. வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் கோடிப் புண்ணியம். அவன் அதெல்லாம் செய்யவில்லை. கரண்டு வேலை பார்க்கிற ஆளைக் கூப்பிட்டுக் குமிழிலிருந்து போன கம்பியைக் கழற்றச் சொன்னான். மணி ஊமையாயிற்று, கரண்டும் இனித் தானாக நிற்காது. பிறகு கூண்டைத் திறந்து மதினியை உள்ளே வரச் சொன்னான். அவள் கையைப் பிடித்து உள்ளங்கையை மோட்டார்மேல் வைத்தான்.

"ஆசைப்பட்டுட்ட. இனிமே நீதேன் தாயி மணி. சூடானா கூப்பிடு. நான் வந்து தொட்டுப் பாப்பேன். சூடுன்னா நிறுத்துவேன். கையை மட்டும் எடுக்காத. எடுத்ததைக் கண்டேன்னு வையி, நாளையிலருந்து பிள்ளைய மில்லு கேட்டுக்கு வெளிய புழுதியில போட்டுட்டு வா."

முதல் நாள் அவள் கூப்பிட்டாள். நிசமாகவே சூடு. வந்தான், தொட்டான். வெற்றிலைக் காவியேறி, காய்த்துக் கிடந்த கை அவனுடையது. "இதுவா சூடு? மணி அவசரப்படுது" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டாவது தடவை கூப்பிட்டதற்கு வரவேயில்லை. தூரத்திலிருந்தே, "இன்னும் நல்லா அடி, கேக்கல!" என்று சொல்லிச் சிரித்தான். அவனுக்குப் பயந்து சில பெண்களும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போனதில்லை.

ஒரு கை தாங்காதபோது மறு கையை வைப்பாள். அது தாங்காதபோது இந்தக் கை. சேலை முன்பக்கம் நனைந்து, மோட்டார்ச் சூட்டிலேயே காய்ந்து, மறுபடி நனையும். பிள்ளைக்கு மத்தியானம் மட்டும்தான் பால். மற்ற நேரம் அபினி. கன்னம் வைத்திருந்ததெல்லாம் போய்க் கண் உள்ளே போய்விட்டது. "வேண்டாம் மதினி, பட்டினி கெடந்தாலும் வீட்டுல கெடப்போம், வந்துரு" என்றேன்.

"வீட்டுல கெடந்தா எனக்குப் பாலு எங்கருந்து வரும்? நான் தின்னாத்தேன அது குடிக்கும்?" என்றாள்.

அந்த நாள் வந்தது. மழை குளிர்ச்சியெல்லாம் போய் மறுபடி வெயில் கொளுத்திய நாள். காற்று அசையவில்லை. மில்லைப் பார்க்க யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று மேஸ்திரி கோடிவேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, வாசலில் மாலையோடு நின்றிருந்தான். முற்பகலிலேயே மதினி கூப்பிட ஆரம்பித்தாள். கூண்டுக்குள்ளிருந்து, "மேஸ்திரிண்ணே, சுடுது! மேஸ்திரிண்ணே!" என்று. சுவிட்சில் கை வைக்க அவனைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை. வைத்தவளுக்கு அன்றோடு சீட்டு கிழியும். நான் ராட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"மேஸ்திரிண்ணே, மோட்டாரு கொதிக்குது. மதினி கத்துறது கேக்கலையா?"

அவன் மாலையைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தான். "அவ மணி. அவ அடிக்கட்டும். நீ எதுக்கு அடிக்கிற? போயி நூலைப் பாரு."

நான் திரும்பி ஓடி வந்தபோது மதினியின் சத்தம் மாறியிருந்தது. அது பேச்சாக இல்லை. கூண்டிலிருந்து புகை வந்தது. உரிமையாவது மண்ணாவது என்று நான் சுவிட்சை எட்டிப் பிடித்து இழுத்தேன். இழுத்தேன்தான், அதற்குள் மோட்டாருக்குள் படீரென்று வெடித்து, மேலே அப்பியிருந்த பஞ்சில் தீ பிடித்து, தரையோடு தரையாக ஓடியது. பஞ்சுத் தீ நின்று எரியாது, ஓடும். பெண்கள் விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்கள். மதினியைக் கூண்டிலிருந்து நான்தான் இழுத்துப் போட்டேன். கடைசிவரை அவள் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைத் தோல் மோட்டாரோடு போய்விட்டது.

மணல் வாளிகளைக் கொட்டித் தீயை அணைத்தார்கள். மோட்டார் கருகிக் கிடந்தது. ராட்டுகள் நின்றுவிட்டன. அந்தப் பழைய அமைதி வந்தது, காதுக்குள் ஙொய் என்கிற அமைதி. மதினி எழுந்தாள். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பின்வாசல் வழியாக ஓடினாள். கரண்டு நின்றால் ஓட வேண்டும் என்று அவள் காலுக்குத் தெரிந்திருந்தது.

கொட்டகையில் பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. மதினிக்கு எடுக்கக் கை இல்லை. நான் எடுத்து அவள் மார்பில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். பால் தானாகவே வழிந்து பிள்ளையின் உதட்டில் விழுந்தது. உதடு அசையவில்லை. "முழிடி, தங்கம், முழிடி, அம்மாவுக்கு நெறைய நேரம் இருக்கு இன்னைக்கு" என்று மதினி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆயா ஒரு மூலையில் நின்று, "ரொம்ப அழுதுச்சு. பெரிய மனுசங்க வாராகன்னு மேஸ்திரி சொன்னாரு. அதான் ரெண்டாந்தரமும்..." என்று இழுத்தாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வைகை மணலில்தான் புதைத்தோம். மண் தள்ளக்கூட மதினிக்குக் கை இல்லை. முழங்கையால் தள்ளினாள்.

மில்லில் விசாரணை நடந்தது. எதைப் பற்றி? மோட்டாரைப் பற்றி. அந்த இஞ்சினியர் வந்து கருகிய மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தடவிக் கொடுத்தார். "நல்ல மோட்டார், அநியாயமாகப் போய்விட்டது" என்று இரண்டு தடவை சொன்னார். கம்பியைக் கழற்றியது யார் என்று கேட்டார். "அந்தப் பொம்பள ஓயாம டீயைக் காட்டிக் காட்டிக் கெடுத்துட்டா, ஐயா" என்று மேஸ்திரி கைகட்டிச் சொன்னான். மதினியை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் அங்கேயே, இஞ்சினியர் முன்னாலேயே, "பிள்ளை செத்துப்போச்சு, அது எதுல சேத்தி?" என்று கத்தினேன். என்னையும் நீக்கினார்கள். மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடிக்கு அழகர்கோவிலுக்கு நடந்தான். அவன் குடும்பம் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது என் வயிறு எரிகிறது, எரியட்டும்.

வேறு ஏதோ மில்லிலிருந்து அவசரமாக ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தார்கள். சண்டைக்கு நூல் வேண்டுமே. புதுக் குமிழ் மாட்டினார்கள். இனி அடித்தால் ஆபீசு வரைக்கும் கேட்க வேண்டும் என்று மணியையும் பெரிதாக வாங்கி, வெளிச்சுவரில் உயரத்தில் மாட்டினார்கள். மில்லுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் வயல்வெளிதான். மறைக்க ஒன்றும் கிடையாது.

நாங்கள் அப்போது முற்றத்தில் இருந்தோம். மதினி கைகளில் துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் புதைத்து அதிக நாள் ஆகவில்லை. அவள் அழுகையெல்லாம் ஓய்ந்து, சொன்னதைச் செய்துகொண்டு, வாயைத் திற என்றால் திறந்துகொண்டு இருந்தாள். அப்போது வயலைத் தாண்டி மணி அடித்தது. கணகணவென்று, நிற்காமல் அடித்தது.

மதினி சட்டென்று எழுந்தாள். "இந்தா வாரேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. வாசல்வரை வேகமாகப் போனவள், அங்கே நின்றாள். பிறகு குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நனைந்து, வழிந்து, வயிறுவரை இறங்கிக்கொண்டிருந்தது. துணிக்கட்டு போட்ட கைகளை வைத்து அதை அமுக்கிப் பிடித்தாள். பால் நிற்கவில்லை.

"அடிக்கிறத நிறுத்தச் சொல்லு, புள்ள" என்றாள். "போயிச் சொல்லேன்."

நான் போகவில்லை. போய் யாரிடம் சொல்ல? மணி வெகுநேரம் அடித்தது. மோட்டாருக்கு ஒன்றும் இல்லையாம். சரியாக அடிக்கிறதா என்று பார்த்தார்களாம்.